2008-ல் தப்பித்த சீனா, அடுத்த உலக மந்தத்தில் என்ன ஆகும்?

"உலகமே மந்தத்தில் விழுந்தாலும் சீனாவுக்கு ஒன்றும் ஆகாது, 2008 உலக நிதி நெருக்கடியில்தான் பார்த்தோமே" என்று ஒரு தரப்பு சொல்கிறது. "எவர்கிராண்ட் என்ற பெரிய வீடு கட்டும் கம்பெனி விழுந்த அன்றே சீனாவின் கதை முடிந்தது, உலகச் சந்தையும் படுத்தால் மொத்தமும் சரியும்" என்கிறது இன்னொரு தரப்பு. இதில் எதை நம்புவது என்பது கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீனா சரிந்து விழாது. ஆனால் 2008-ல் எழுந்த மாதிரி எழவும் முடியாது. அன்று சாப்பிட்ட மருந்துக்கான கடனே இன்னும் தீரவில்லை. இப்போது வேண்டியது வேறு மருந்து. அது என்ன என்று பெய்ஜிங்குக்கு நன்றாகவே தெரியும். கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

2008-ல் உண்மையில் என்ன நடந்தது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். ஏனென்றால் "சீனா தப்பித்தது" என்று ஒரே வரியில் கடந்துபோகும்போது முக்கியமான பாதி விட்டுப்போகிறது.

குவாங்டாங் மாகாணத்தில், ஹாங்காங்கிலிருந்து அதிக தூரமில்லாத தொழில் நகரம் டோங்குவான். செருப்பு, பொம்மை, மின்சாமான் என்று உலகக் கடைகளுக்குப் போகும் சரக்கு அங்கே தயாராகும். 2008 அக்டோபரில் அங்கே ஸ்மார்ட் யூனியன் என்ற பொம்மை ஆலை திடீரென்று மூடப்பட்டது. மேட்டல், ஹாஸ்ப்ரோ போன்ற அமெரிக்கக் கம்பெனிகளுக்குப் பொம்மை செய்துகொடுத்த ஆலை அது. 6,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். சம்பள பாக்கி கேட்டு ஆலை கேட்டுக்கு வெளியே கூட்டம் திரண்டது. நிர்வாகத்திடம் பணம் இல்லை. கடைசியில் உள்ளூர் அரசே தன் பணத்திலிருந்து அந்தப் பாக்கியை எடுத்துக் கொடுத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் தெருவுக்கு வந்தால் அரசு எங்கிருந்தாவது பணம் கொண்டுவந்து நிரப்பும். சீனா ஏன் ஒரேயடியாகச் சரியாது என்பதற்கும், ஏன் கடன் இவ்வளவு குவிந்தது என்பதற்கும் விளக்கம் அந்த கேட்டில் இருக்கிறது.

ஸ்மார்ட் யூனியன் மாதிரி ஆயிரக்கணக்கான ஆலைகள். 2009 தொடக்கத்தில், கிராமத்திலிருந்து வந்து நகரத்தில் வேலை செய்தவர்களில் சுமார் 2 கோடிப் பேர் வேலை இழந்து ஊர் திரும்பிவிட்டதாக அரசு அதிகாரியே சொன்னார். அந்த ஆண்டு ஏற்றுமதி சுமார் 16 சதவீதம் விழுந்தது. ஏற்றுமதியை நம்பிய எந்த நாடும் இந்த அடியில் படுத்திருக்கும்.

சீனா படுக்கவில்லை. 2008 நவம்பரில் 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 58,600 கோடி டாலர். இதில் மத்திய அரசு கையிலிருந்து போட்டது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியை மாகாணங்களும் நகராட்சிகளும் வங்கிகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வங்கிகள் அரசு வங்கிகள். மேலிடம் கடன் கொடு என்றால் கொடுத்தாக வேண்டும். 2009-ல் மட்டும் 9.6 லட்சம் கோடி யுவான் புதுக்கடன் வெளியே போனது. அதற்கு முந்தைய ஆண்டில் போனதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அந்தப் பணம் ரயில் பாதையானது, பாலமானது, விமான நிலையமானது. பெய்ஜிங்கிலிருந்து தியான்ஜின் வரை அதிவேக ரயில் ஓட ஆரம்பித்தது 2008 ஆகஸ்டில்தான். இன்று அதிவேகப் பாதையின் நீளம் 48,000 கிலோமீட்டருக்கு மேல். கிராமத்துக் குடும்பம் டிவி, ஃபிரிட்ஜ் வாங்கினால் விலையில் 13 சதவீதம் மானியம் கொடுத்தார்கள். சிறிய கார்களுக்கு வாங்கும் வரியைப் பாதியாக்கினார்கள். 2009-ல் கார் விற்பனையில் அமெரிக்காவையே முந்தியது சீனா. வளர்ச்சி 9 சதவீதத்துக்கு மேல் நின்றது. ஆஸ்திரேலியாவின் இரும்புத்தாதும் பிரேசிலின் சோயாவும் விலை போனதற்கு இந்தச் செலவு ஒரு பெரிய காரணம். உலகத்தையே சீனா தூக்கி நிறுத்தியது என்று சொன்னால் அதில் மிகை குறைவு.

சரி, இதையே மறுபடி செய்ய வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். அன்று உள்ளாட்சிகள் நேரடியாகக் கடன் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு நகராட்சியும் தனக்கென்று ஒரு கம்பெனி ஆரம்பித்தது. அரசு நிலத்தை அந்தக் கம்பெனியின் பெயரில் மாற்றியது. நிலத்தைக் காட்டிக் கம்பெனி வங்கியில் கடன் வாங்கியது. கடனில் சாலை போட்டார்கள். சாலை வந்ததும் பக்கத்து நிலத்தின் விலை ஏறியது. ஏறிய நிலத்தைக் கட்டுமானக் கம்பெனிக்கு விற்று வட்டி கட்டினார்கள். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கும்வரை இந்தச் சக்கரம் சுற்றும். நின்றால் எல்லாம் நிற்கும்.

குய்சோ மாகாணத்தைப் பாருங்கள். தென்மேற்கில் மலையும் பள்ளத்தாக்குமாக இருக்கும் மாகாணம், சீனாவின் ஏழை மாகாணங்களில் ஒன்று. உலகின் மிக உயரமான 100 பாலங்களில் ஏறத்தாழ பாதி அங்கேதான் இருக்கின்றன. 2025 செப்டம்பரில் ஹுவாஜியாங் பள்ளத்தாக்குப் பாலத்தைத் திறந்தார்கள். ஆற்றுக்கு மேல் 625 மீட்டர், உலகிலேயே உயரமானது. முன்பு மலையைச் சுற்றி இரண்டு மணி நேரம் ஆன பயணம் இப்போது சில நிமிடம். அங்கே வாழ்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இதே குய்சோவின் அரசு ஆய்வு மையம்தான் 2023 ஏப்ரலில், கடனைத் தங்கள் சக்தியால் மட்டும் தீர்க்க வழியில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. முதல் பாலம் ஒரு சந்தையையே திறந்துவிடும். ஐம்பதாவது பாலம் வட்டிக்குக்கூடச் சம்பாதித்துத் தராது.

நாடு முழுக்க இதே கணக்குதான். அரசு, கம்பெனி, குடும்பம் எல்லாம் சேர்ந்த கடன் 2008-ல் ஜிடிபியில், அதாவது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில், சுமார் 140 சதவீதம். இப்போது 300 சதவீதத்தை நெருங்கிவிட்டது. கணக்கில் வராமல் மறைந்திருந்த உள்ளாட்சிக் கடன் 14.3 லட்சம் கோடி யுவான் என்று நிதியமைச்சரே 2024 நவம்பரில் சொன்னார். அதில் 10 லட்சம் கோடியை முறையான, வட்டி குறைந்த கடன் பத்திரங்களாக மாற்ற அனுமதி கொடுத்தார்கள். புதிதாக எதையும் கட்டுவதற்கு அந்தப் பணம் இல்லை, பழையதை ஒத்திப்போடத்தான்.

அப்புறம், நிலம். 2020 ஆகஸ்டில் கட்டுமானக் கம்பெனிகள் கடன் வாங்க மூன்று வரம்புகளை அரசு விதித்தது. "மூன்று சிவப்புக் கோடுகள்" என்று பெயர். நோக்கம் சரியானதுதான்; ஊதிக்கொண்டே போன குமிழியை எப்போதாவது தொட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் எவர்கிராண்டின் தலையில் 30,000 கோடி டாலருக்கு மேல் கடன் இருந்தது. 2021 டிசம்பரில் அது தவணை தவறியதாக அறிவிக்கப்பட்டது; 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது.

இதில் அடிபட்டது யார் என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. சீனாவில் பெரும்பாலான வீடுகள் கட்டுவதற்கு முன்பே விற்கப்படும். முழுப் பணமும் கொடுத்து, வங்கிக் கடனுக்கு மாதத் தவணையும் கட்டிக்கொண்டு, வீட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கம்பெனி முடங்கியதும் கட்டடம் எலும்புக்கூடாக நின்றுவிட்டது. 2022 ஜூன் கடைசியில், பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டெசென் நகரத்தில், எவர்கிராண்ட் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கியவர்கள் ஒன்றுசேர்ந்து கடிதம் எழுதினார்கள்: வேலையைத் தொடங்காவிட்டால் தவணை கட்ட மாட்டோம். சில வாரங்களில் அது நூற்றுக்கணக்கான குடியிருப்புகளுக்குப் பரவியது. வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்ட முடியாமல், மின்சாரமும் தண்ணீரும் வராத அரைகுறைக் கட்டடத்தில் போய்க் குடியேறியவர்களும் இருக்கிறார்கள்.

சீனக் குடும்பங்களின் சொத்தில் பாதிக்கு மேல் வீடாகத்தான் இருக்கிறது. பங்குச்சந்தையை நம்ப முடியாது, வெளிநாட்டுக்குப் பணம் கொண்டுபோகக் கட்டுப்பாடு, வங்கி வட்டி குறைவு. வீடுதான் சேமிப்பு, வீடுதான் பிள்ளையின் கல்யாணம், வீடுதான் முதுமைக்கு ஊன்றுகோல். அந்த விலை இறங்க ஆரம்பித்ததும் ஜனங்கள் பர்ஸை மூடிக்கொண்டார்கள். உள்ளாட்சிகளின் நில விற்பனை வருமானம் 2021-ல் 8.7 லட்சம் கோடி யுவான். 2024-ல் 5 லட்சம் கோடிகூட வரவில்லை. முன்னே சொன்ன சக்கரம் நின்றுவிட்டது.

ஆக, ஒரு பெரிய உலக மந்தம் நாளைக்கே வந்தால் 2008-ல் பிடித்த இரண்டு பிடிகளும், அதாவது உள்ளாட்சிக் கடனும் நில விலையும், இன்று கைக்கு வராது.

இருந்தும் ஏன் விழாது என்கிறேன்? 1997-ல் தாய்லாந்தையும் இந்தோனேசியாவையும் சாய்த்தது வெளிநாட்டுக் கடன். டாலரில் வாங்கிய கடனை, சரிந்துபோன சொந்தப் பணத்தில் கட்ட முடியாமல் போனது. சீனாவின் கடனில் மிகப் பெரும்பகுதி உள்நாட்டில், யுவானில் வாங்கியது. கடன் கொடுத்த வங்கியும் அரசுடையது, வாங்கிய கம்பெனியும் பெரும்பாலும் அரசுடையது. டெபாசிட் போட்டவர் நினைத்தபடி பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அந்நியச் செலாவணி கையிருப்பு 3 லட்சம் கோடி டாலருக்கு மேல். 2008-ல் அமெரிக்காவில் விழுந்த லேமன் பிரதர்ஸ் மாதிரி ஒரு வங்கி வெள்ளிக்கிழமை தள்ளாடி, திங்கட்கிழமை உலகம் முழுக்கத் தீ பிடிப்பது அங்கே நடக்கிற காரியமில்லை. தவணையைத் தள்ளிப்போடச் சொன்னால் வங்கி தள்ளிப்போடும். நஷ்டம் மறையாது, வருடக்கணக்கில் மெதுவாக வளர்ச்சியைத் தின்னும். சீனா "சரியப்போகிறது" என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இன்னொரு அனுகூலமும் உண்டு, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. கச்சா எண்ணெய் இறக்குமதியில் சீனாதான் உலகில் முதலிடம். உலக மந்தத்தில் எண்ணெய் விலையும் தாது விலையும் விழும். அந்த மிச்சம் ஓரளவு தாங்கும்.

ஓரளவுதான். ஏனென்றால் வீட்டுச்சந்தை படுத்த பிறகு சீனாவின் வளர்ச்சியை இழுத்து வருவது மீண்டும் ஏற்றுமதிதான். 2024-ல் வளர்ச்சியில் சுமார் 30 சதவீதம், ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து வந்தது. அந்த ஆண்டு சரக்கு வர்த்தக உபரி 99,200 கோடி டாலர். 2025-ல், அமெரிக்கா வரியை ஒரு கட்டத்தில் 145 சதவீதம் வரை ஏற்றி இறக்கியும்கூட, உபரி 1 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்காவுக்குப் போவது குறைந்தது; தென்கிழக்கு ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போவது கூடியது.

இந்தச் சரக்கு எல்லாம் லாபத்தில் விற்பதாக நினைத்துவிடக் கூடாது. நிலத்துக்குப் போன வங்கிக் கடன் ஆலைக்குத் திரும்பியது. மின்சார கார், பேட்டரி, சோலார் பலகை என்று ஒவ்வொரு மாகாணமும் ஒரே தொழிலில் இறங்கியது. உள்ளூரில் வாங்க ஆள் போதாமல், கம்பெனிகள் ஒன்றையொன்று விலையில் வெட்டிக்கொள்கின்றன. ஆலை வாசல் விலை 2022 அக்டோபரிலிருந்து மாதாமாதம் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தே வந்தது. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் நுகர்வோர் விலை உயர்வு 0.2 சதவீதம். இந்தப் போட்டிக்கு அங்கே "நெய்ஜுவான்" என்று பெயர். உள்ளுக்குள்ளேயே சுருண்டுகொள்வது என்று பொருள். பரீட்சைக்கு உயிரைக் கொடுத்துப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி இளைஞர்கள் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை, இப்போது அரசு அறிக்கைகளிலேயே வருகிறது. அந்த இளைஞர்களின் நிலையும் அப்படித்தான். 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர்களில் 21.3 சதவீதம் பேருக்கு வேலை இல்லை. அடுத்த மாதத்து எண்ணிலிருந்து வெளியிடுவதையே நிறுத்தினார்கள். பிறகு மாணவர்களை நீக்கிக் கணக்கிடும் புது முறையோடு திரும்பக் கொண்டுவந்தார்கள்.

உலக மந்தத்தில் வெளிநாட்டுக்காரரும் வாங்குவதை நிறுத்தினால் இந்தச் சரக்கு எங்கே போகும்? இன்னும் விலை குறைத்து, வரி குறைவான நாடுகளில் போய் இறங்கும். அப்போது அந்த நாடுகளும் கதவை மூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபரிலேயே சீன மின்சார கார்களுக்கு, ஏற்கெனவே இருந்த 10 சதவீதத்துக்கு மேல், 35.3 சதவீதம் வரை கூடுதல் வரி போட்டுவிட்டது. இந்தியா 2025 ஏப்ரலில் இறக்குமதியாகும் எஃகுத் தகடுகளுக்கு 12 சதவீதப் பாதுகாப்பு வரி விதித்தது. நம் பக்கம் இது எப்படி வந்து சேரும் என்பதற்குக் கோவில்பட்டியும் சாத்தூரும் சாட்சி. மலிவு விலைச் சீன லைட்டர் வந்து தீப்பெட்டித் தொழிலை அரித்ததில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்ய வேண்டி வந்தது. அப்போது உலக மந்தம்கூட இல்லை.

அதனால் என் கணிப்பு இதுதான்: நிஜமான உலக மந்தம் வந்தால், இப்போது 5 சதவீதம் என்று அறிவிக்கப்படும் சீன வளர்ச்சி 3 சதவீதத்துக்கோ அதற்குக் கீழேயோ இறங்கும். 2022-ல் ஊரடங்குகளோடு 3 சதவீதம் வந்ததே, அந்த அளவு. வங்கிகள் மூடாது, தெருக்கள் எரியாது. சம்பளம் ஏறாது, விலை இறங்கும், கடனின் பாரம் கூடும். 1990-க்குப் பிறகு ஜப்பான் நடந்த பாதை மாதிரி இருக்கும். ஒரு வித்தியாசம், ஜப்பான் அந்தப் பாதையில் கால் வைத்தபோது பணக்கார நாடாகிவிட்டிருந்தது. சீனாவிலோ 60 கோடிப் பேரின் மாத வருமானம் 1,000 யுவான்தான் என்று 2020 மே மாதம் அன்றைய பிரதமர் லி கெச்சியாங்கே சொன்னார். மக்கள்தொகையும் 2022-லிருந்து குறைய ஆரம்பித்துவிட்டது.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. அதுதான் ஆதங்கமாக இருக்கிறது.

சீனாவில் குடும்பங்கள் செலவழிப்பது ஜிடிபியில் சுமார் 40 சதவீதம். இந்தியாவில் அது சுமார் 60. சீனர்கள் சிக்கனக்காரர்கள் என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. கிராமத்து முதியவருக்கு அரசு தரும் ஓய்வூதியத்தைப் பாருங்கள். அடிப்படைத் தொகை 2024-ல் 20 யுவான் ஏறி 123 ஆனது. 2025-ல் இன்னொரு 20 ஏறி 143 ஆனது. மாதத்துக்கு 143 யுவான். நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குள். மாகாணம் சேர்த்துக் கொடுப்பதையும் கூட்டினால் சராசரியாக 200 யுவானைக் கொஞ்சம் தாண்டும். நகரத்தில் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு 3,000 யுவானுக்கு மேல். டோங்குவான் கேட்டில் நின்றவர்கள் பெரும்பாலும் கிராமத்து வீடுகளின் பிள்ளைகள். ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். நகரத்து ஹுகோ, அதாவது நகரவாசி என்ற பதிவு, இல்லாததால் பிள்ளையை நகரத்து அரசுப் பள்ளியில் சேர்ப்பது கஷ்டம். பெரிய நோய் வந்தால் கைக்காசு. இப்படி 30 கோடிப் பேர். இவர்கள் சேமிக்காமல் என்ன செய்வார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் சுமார் 18 கோடிப் பேர். ஆளுக்கு மாதம் 300 யுவான் கூட்டிக் கொடுத்தால் வருடத்துக்கு 64,800 கோடி யுவான். 2024-ல் சீனாவின் ஜிடிபி சுமார் 135 லட்சம் கோடி யுவான். அரை சதவீதத்தைத் தாண்டவில்லை. அந்தப் பணம் வங்கியில் தூங்காது. மறுநாளே அரிசிக்கும் மருந்துக்கும் பேரப்பிள்ளையின் செருப்புக்கும் போகும். குய்சோவில் இன்னொரு பாலம் கட்டுவதைவிட இது பொருளாதாரத்தை அதிகம் சுழல வைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழைய ஃபிரிட்ஜைக் கொடுத்துப் புதியது வாங்கினால் மானியம் என்று 2025-ல் 30,000 கோடி யுவான் ஒதுக்கினார்கள். ஆலைக்கு ஆர்டர் கிடைக்கும், அதனால் அது அவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அடுத்த வருடம் வாங்க வேண்டிய ஃபிரிட்ஜை இந்த வருடமே வாங்குவதோடு அதன் வேலை முடிந்துவிடும். நேரடியாகக் கையில் பணம் கொடுப்பதில் தலைமைக்கே தயக்கம் இருக்கிறது. நலத்திட்டங்கள் அளவு மீறினால் சோம்பேறிகளை வளர்க்கும் என்ற பொருளில் ஷி ஜின்பிங் 2021-ல் எழுதியும் இருக்கிறார். இதில் நான் அவரோடு உடன்படவில்லை. ஆயுள் முழுக்க வயலிலும் ஆலையிலும் உழைத்த எழுபது வயதுக்காரரை 143 யுவானோடு நிறுத்திவிட்டு, சோம்பலைப் பற்றிப் பேசுவது நியாயமாகப் படவில்லை.

அதனால் அடுத்த மந்தத்தில் சீனா எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினால், ஷாங்காய் பங்குச்சந்தைக் குறியீட்டையோ, எத்தனை லட்சம் கோடி ஊக்கத் திட்டம் என்ற தலைப்புச் செய்தியையோ நான் முதலில் பார்க்க மாட்டேன். ஒவ்வொரு மார்ச்சிலும் பெய்ஜிங்கில் சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸ் கூடும்போது பிரதமர் வாசிக்கும் அறிக்கையில், கிராமத்து ஓய்வூதியம் எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு வரி வருவதுண்டு. அந்த எண் 20-ஆ, 200-ஆ என்று பார்ப்பேன்.